சாவியை மாலையிலேயே வாங்கி வையுங்கள்: படைவீரர்கள் குடித்துவிட்டு வண்டி ஓட்டாமல் தடுக்க ஒரு வழிகாட்டி

சனிக்கிழமை இரவு 11.40. கேட்டுக்குள் வந்து சேர வேண்டிய நேரம் 12. இடையில் பதினான்கு கிலோமீட்டர். கடைசி பஸ் போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது. போனில் சார்ஜ் நான்கு சதவீதம். பைக் எதிரிலேயே நிற்கிறது, சாவி பாக்கெட்டில் இருக்கிறது. பின்னால் ஏறக் காத்திருக்கும் நண்பன் சொல்கிறான்: "ரோடு காலியாத்தான் இருக்கு, மெதுவா போயிடலாம்டா."

இந்த இருபது வயதுப் பையன் உங்கள் செக்‌ஷனைச் சேர்ந்தவன். நீங்கள் அப்போது தூங்கிக்கொண்டிருப்பீர்கள். அந்த நிமிடத்தில் அவனுக்காக உங்களால் எதுவும் செய்ய முடியாது. செய்ய வேண்டியதெல்லாம் அன்று மாலை, அவன் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்புவதற்கு முன்பு செய்திருக்க வேண்டியவை. இந்தக் கட்டுரை அந்த மாலை நேரத்தைப் பற்றியது.

தோளில் முதல் பட்டை ஏறி, முதன்முறையாக எட்டுப் பத்துப் பேருக்குப் பொறுப்பேற்றிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆயுதக் கணக்கு வைப்பதைக் கற்றுத்தந்திருப்பார்கள், காவல் பட்டியல் போடுவதைக் கற்றுத்தந்திருப்பார்கள். வெளியே போனவன் எப்படித் திரும்பி வருவான் என்பதை யாரும் கற்றுத்தருவதில்லை. நான் அந்தப் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தேன். சாலையில் போய்விட்ட ஒரு பையனின் பெட்டியைக் கட்டி அவன் வீட்டுக்கு அனுப்பும் வேலையையும் செய்திருக்கிறேன். இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த சீருடை, பாதி தீர்ந்த ஷூ பாலிஷ் டப்பா, தேதி மட்டும் போடாமல் எழுதி வைத்திருந்த லீவு விண்ணப்பம். அந்த வேலை உங்களுக்கு வரக்கூடாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் படி: எந்த இரவுகள் என்று குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வரும் நாள், அதற்கு அடுத்து வரும் வார இறுதி, மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை, நீண்ட பயிற்சி முடியும் நாள், பதவி உயர்வு விருந்து, மாற்றலாகிப் போகிறவருக்கு வழியனுப்பு விழா, எல்லையிலிருந்தோ வெளிநாட்டுப் பணியிலிருந்தோ திரும்பி வரும் வாரம். இவற்றையெல்லாம் சிவப்பில் வட்டமிடுங்கள். படையில் குடி பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. எந்த இரவு என்று முன்கூட்டியே தெரிவது நமக்கு இருக்கும் பெரிய வசதி. அதைப் பலர் பயன்படுத்திக்கொள்வதே இல்லை.

அடுத்து, முகாமைச் சுற்றியுள்ள இடத்தை ஒருமுறை இரவில் போய்ப் பாருங்கள். பையன்கள் எங்கே போகிறார்கள், அங்கிருந்து கேட் எவ்வளவு தூரம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, டாக்ஸி வருமா, வழியில் வெளிச்சமில்லாத வளைவு எது. முகாம்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருப்பவை. பஸ் இல்லாத பதினான்கு கிலோமீட்டரும், தாமதமானால் தண்டனை என்ற பயமும் சேர்ந்தால், குடித்தவன் கை தானாகவே சாவியைத் தேடும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். நம்மிடம் இருப்பவர்களில் பலர் பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள் இருப்பவர்கள். மாதக்கணக்கில் செலவே இல்லாமல் சேர்ந்த பணம் கையில் இருக்கும். அந்தப் பணத்தில் வாங்கிய வேகமான பைக் ஒன்றும் இருக்கும். பயப்படாமல் இருக்கத்தான் நாம் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறோம். அதே துணிச்சல் சனிக்கிழமை இரவு சாலையிலும் அவர்களோடு வருகிறது.

இரண்டாம் படி: உடம்பின் கணக்கை நீங்கள் கற்றுக்கொண்டு, பிறகு அவர்களுக்குச் சொல்லுங்கள்

"குடிக்காதே, ஓட்டாதே" என்று சொன்னால் தலையாட்டுவார்கள். கணக்கைப் போட்டுக் காட்டினால் நிமிர்ந்து உட்காருவார்கள். அதனால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

எவ்வளவு குடித்தோம் என்பதைக் கிளாஸில் எண்ணக்கூடாது, ஆல்கஹாலின் எடையில் எண்ண வேண்டும். நாற்பது சதவீத விஸ்கியோ ரம்மோ 60 மில்லி என்றால் அதில் சுமார் 19 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஐந்து சதவீத பீர் 330 மில்லியில் சுமார் 13 கிராம். எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 41 கிராம். அதாவது "பீர்தானே சார், ஒரே ஒரு பாட்டில்" என்று சொல்கிறவன், இரண்டு முறை 60 மில்லி ரம் குடித்தவனைவிடக் கொஞ்சம் கூடவே குடித்திருக்கிறான்.

இப்போது ரத்தத்துக்கு வருவோம். எழுபது கிலோ எடையுள்ள ஆண் 60 மில்லி விஸ்கி குடித்தால், 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 40 மில்லிகிராம் ஆல்கஹால் சேரும். அறுபது கிலோ எடையுள்ள பெண் அதே அளவு குடித்தால் 55 மில்லிகிராமைத் தாண்டும். ஆல்கஹால் உடம்பின் நீரில்தான் பரவுகிறது, பெண்களின் உடம்பில் நீரின் பங்கு குறைவு. எனவே ஆண்களோடு சமமாகக் குடிக்கும் பெண் வீரர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பதைத் தயக்கமில்லாமல் சொல்லிவிடுங்கள்.

ஏறுவது வேகம், இறங்குவது மெதுவு. ஈரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் இறக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும் குறையும், ஆனால் யாரும் அதைத் துரிதப்படுத்த முடியாது. கருப்புக் காபி, பச்சைத் தண்ணீரில் குளியல், எலுமிச்சைச் சாறு, வாந்தி எதுவும் உதவாது. படையில் ஓடும் ஒரு நம்பிக்கை இருக்கிறது: காலையில் நாலு கிலோமீட்டர் ஓடி வியர்த்தால் இறங்கிவிடும் என்று. இறங்காது. ஆல்கஹாலில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் ஈரல் வழியாகத்தான் போகிறது. வியர்வை, மூச்சு, சிறுநீர் மூன்றும் சேர்ந்து வெளியேற்றுவது மிகச் சொற்பம். சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஏறுவது தாமதமாகும், உச்சமும் கொஞ்சம் குறையலாம். அதற்காகக் குடித்தது காணாமல் போய்விடாது.

கரும்பலகையில் எழுதிக் காட்ட ஒரு கணக்கு. ஒருவர் இரவு 10 மணிக்கு ஆரம்பித்து 1 மணிக்குள் நான்கு முறை 60 மில்லி குடிக்கிறார். மொத்தம் 160 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். பத்து மணியிலிருந்து மணிக்கு 15 வீதம் கழித்தால், காலை 6 மணிக்கு 120 போயிருக்கும். மீதி 40. ஐந்து மணி நேரம் தூங்கி, பல் துலக்கி, குளித்து, சுத்தமான சீருடையில் வந்து நிற்பவர் ரத்தத்தில் 40 மில்லிகிராம். எல்லாம் இறங்கி முடிய 8.40 ஆகும். அதற்குள் அவரை மூன்று டன் லாரியில் ஏற்றி அனுப்பியிருப்போம்.

இது தோராயக் கணக்கு. யாரும் இதை வைத்து "எனக்கு இன்னும் ஒன்று போகலாம்" என்று கூட்டிக் கழிக்க விடாதீர்கள். ஓட்டக்கூடாது என்று புரியவைக்கத்தான் இந்தக் கணக்கு.

மதுவைப் பற்றி நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அது முதலில் மந்தமாக்குவது தீர்மானிக்கும் திறனை. கால் தடுமாறுவதற்கு வெகு முன்பே, "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்ற எண்ணம் வந்துவிடும். தராசே கெட்டுப்போன பிறகு அதில் நிறுத்துப் பார்த்து என்ன பயன்? நிறையக் குடித்துப் பழகிய சீனியர்களிடம் இது இன்னும் மோசம். அவர்கள் நேராக நடப்பார்கள், தெளிவாகப் பேசுவார்கள். ஆனால் திடீரென்று ஒரு மாடு குறுக்கே வரும்போது பிரேக்கில் கால் வைக்கும் நேரம் அவர்களுக்கும் தாமதமாகத்தான் செய்யும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. அரை நொடி தாமதித்தால் பதினொரு மீட்டர் கூடுதலாகப் போய்த்தான் நிற்கும்.

தூக்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் கவனத்துக்குச் சமமாகக் குறைகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். நான்கு நாள் பயிற்சி முடிந்து நேராகக் கொண்டாடப் போகிறவன் முதல் கிளாஸைத் தொடும் முன்பே பாதி போதையில் இருக்கிறான்.

மூன்றாம் படி: சட்டத்தைச் சரியாகச் சொல்லுங்கள்

மிரட்டலுக்காக மிகைப்படுத்த வேண்டாம். ஒரு தகவல் பொய் என்று தெரிந்தால் மற்ற எதையும் நம்ப மாட்டார்கள்.

நாட்டுக்கு நாடு வரம்பு மாறும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வரம்பு 80, ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து 50. சிங்கப்பூரில் 80. அமெரிக்காவில் பெரும்பாலும் 80, யூட்டா மாநிலத்தில் மட்டும் 50. அமெரிக்கக் கணக்கில் 0.08 என்று எழுதுவார்கள், அது நம் 80 மில்லிகிராம்தான். குழப்பிக்கொள்ள வேண்டாம். மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: இந்திய வரம்பைத் தாண்ட 60 மில்லி ஒன்றே போதும்.

வெளிநாட்டுப் பணிக்குப் போகிறவர்களுக்கு அந்த நாட்டுச் சட்டத்தையும் சொல்லுங்கள். ஜப்பானில் 2007 முதல், குடித்தவருக்கு வண்டி கொடுத்தவரும், ஓட்டப்போகிறவர் என்று தெரிந்தே மது கொடுத்தவரும், தெரிந்தே கூட ஏறிப்போனவரும் தண்டிக்கப்படலாம். எனக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடிக்கும். பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை வெளிப்படையாகச் சொல்கிறது.

படைவீரருக்கு இரண்டு சட்டம். போலீஸ் வழக்கு ஒரு பக்கம், படைச் சட்டம் இன்னொரு பக்கம். இந்திய ராணுவச் சட்டம், 1950, பிரிவு 48-இன்படி, பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போதையில் காணப்படுவதே குற்றம். அமெரிக்கப் படைகளில் குடித்து வண்டி ஓட்டுவதற்கென்றே ராணுவ நீதிச் சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. 2019 முதல் அது 113-ஆம் பிரிவு. அங்கே தளத்துக்குள் வண்டி ஓட்டும் உரிமையும் ஓராண்டுக்குப் போய்விடும்.

தண்டனையைவிட அதன் தொடர்ச்சிதான் வலிக்கும். பதவி உயர்வு தள்ளிப்போகும். ஓட்டுநர் பிரிவில் இருப்பவன் தன் தொழிலையே இழப்பான். இதைப் பெயர் சொல்லாமல், உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் கதையாகச் சொல்லுங்கள். பிரிவு எண்ணைவிட அது மனதில் நிற்கும்.

நான்காம் படி: திரும்பி வரும் வழியை முதலில் போடுங்கள்

வழியைக் காட்டாமல் தடை மட்டும் போட்டால் ஒளிந்து செய்வார்கள். ஆகவே பேச்சுக்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

ஒரு போன் நம்பர் வேண்டும். அது இரவு முழுவதும் எடுக்கப்பட வேண்டும். எடுப்பவர் குடிக்காதவராகவும், வண்டி அனுப்பும் அதிகாரம் உள்ளவராகவும் இருக்க வேண்டும். அமெரிக்க விமானப்படைத் தளங்கள் பலவற்றில் ஏ.ஏ.டி.டி. என்ற சுருக்கப் பெயரில் தன்னார்வலர்கள் இப்படி இயங்குகிறார்கள். வார இறுதியில் முறை போட்டுக்கொண்டு, கூப்பிட்டவரை இலவசமாக வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள். சில யூனிட்களில் டாக்ஸி அட்டை வைத்திருக்கிறார்கள். அட்டையைக் காட்டினால் டாக்ஸி கூட்டி வரும், கட்டணத்தை யூனிட் கொடுத்துவிடும், சம்பள நாளில் அவர் திருப்பிக் கட்டுவார். இரண்டில் எது உங்களுக்கு ஒத்துவருமோ அதைக் கம்பெனி கமாண்டரிடம் எழுதிக் கேளுங்கள். பணம் இல்லை என்றால் குறைந்தபட்சம் ஒரு டூட்டி வண்டியும், முறை போட்டு ஒரு ஓட்டுநரும்.

நம்பரைப் போனில் சேமித்தால் போதாது. சார்ஜ் போய்விடும். சிறிய அட்டையில் எழுதி, அடையாள அட்டைக்குப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் மிக முக்கியமான ஒன்று. கூப்பிட்டவனைக் கேள்வி கேட்கக்கூடாது. அன்று இரவும் கூடாது, மறுநாள் காலையும் கூடாது. மெஸ்ஸில் வைத்துக் கிண்டல் செய்யவும் விடக்கூடாது. ஒருவன் கூப்பிட்டதற்காக ஒரே ஒருமுறை திட்டு வாங்கினான் என்றால், அந்த நம்பர் அன்றோடு செத்தது.

தாமதமாக வருவதைப் பற்றியும் மேலதிகாரியிடம் முன்பே பேசி வையுங்கள். இதில் என் கருத்து உறுதியானது: 12 மணிக்குள் வர முடியாது என்று 11.40-க்குக் கூப்பிட்டுச் சொல்பவன் தாமதமாக வந்தவனாகக் கருதப்படவே கூடாது. போன் செய்த நேரம் அவன் வந்து சேர்ந்த நேரமாகப் பதிவாக வேண்டும். கேட் நேரத்துக்குப் பயந்து ஓட்டி வந்து விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒழுங்கு கெட்டுவிடும் என்று சொல்லும் அதிகாரிகள் இருப்பார்கள். மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

ஐந்தாம் படி: கிளம்பும் முன் பத்து நிமிடம்

வார இறுதி தொடங்கும் மாலையில், எல்லோரையும் வரிசையில் நிறுத்தி வைத்துப் பாதுகாப்பு உரை வாசிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. யாரும் கேட்பதில்லை. வெயிலில் நின்றுகொண்டு எப்போது விடுவார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதை அதிகாரிகள் செய்துகொள்ளட்டும். நீங்கள் பாரக்குக்குப் போங்கள். கட்டிலில் உட்காருங்கள். ஒவ்வொருவரிடமும் மூன்றே கேள்வி.

"எங்க போற?" "யார்கூட?" "எப்படி வருவ?"

மூன்றாவதுக்கு "பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் அங்கேயே நில்லுங்கள். அந்தப் பதிலில்தான் ஆபத்து இருக்கிறது. "இப்பவே சொல்லு தம்பி. யார் ஓட்டுறது?" என்று கேளுங்கள். பெயர் வர வேண்டும். அந்தப் பெயருக்குரியவனிடம் போய், "நீதானே ஓட்டுற? அப்ப இன்னைக்கு நீ தொடக்கூடாது, சரியா?" என்று நேருக்கு நேர் உறுதி வாங்குங்கள். நான்கு பேர் போகிறார்கள், எல்லோருமே குடிக்கப்போகிறார்கள் என்றால் பைக் சாவிகள் உங்கள் மேசை டிராயரில் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சிறு துண்டு கட்டி வையுங்கள். தெளிவாக இருக்கும்போது சாவியைக் கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். அதே சாவியை நள்ளிரவில் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். கேட்பவரும் கொடுப்பவரும் மாறவில்லை, மணி மட்டும்தான் மாறியிருக்கிறது.

குடிக்காத ஓட்டுநர் என்றால் துளியும் குடிக்காதவர். கூட்டத்தில் குறைவாகக் குடித்தவரைக் கடைசியில் தேடிப் பிடித்து ஓட்டவைப்பதற்குப் பெயர் அது இல்லை. ஒவ்வொரு வாரமும் ஒரே ஆளைப் போடாதீர்கள், முறை வைத்துக்கொள்ளுங்கள். இயல்பிலேயே குடிக்காத பையனை எல்லோரும் இலவச டிரைவராக ஆக்கிவிடுவார்கள். அவனும் நண்பர்களோடு இருக்க ஆசைப்பட்டு வந்தவன்தான். அவன் சாப்பாட்டுச் செலவைக் கூட்டம் பகிர்ந்துகொள்ளட்டும்.

எளிதாக நினைவில் நிற்கும் எண் ஒன்று கொடுப்பது நல்ல உத்தி. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள எஃப்.இ. வாரன் விமானப்படைத் தளத்தில் 0-0-1-3 என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். குடிக்கச் சட்டப்படி வயது வராதவர் குடித்த சம்பவம் பூஜ்யம், குடித்து ஓட்டிய சம்பவம் பூஜ்யம், மணிக்கு ஒன்று, இரவுக்கு அதிகபட்சம் மூன்று. மற்ற தளங்களுக்கும் பரவியது. எனக்கு அதில் பிடித்தது அதன் எளிமை. ஆனால் அந்தக் கடைசி இரண்டு எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஒன்று என்பது 14 கிராம் ஆல்கஹால். மணிக்கு ஒன்று வீதம் மூன்று குடித்தால் எழுபது கிலோ ஆணுக்கு ரத்தத்தில் ஏறக்குறைய 40 மில்லிகிராம் நிற்கும். வரம்பு 30 உள்ள நாட்டில் அவர் குற்றவாளி. நம் எண் ஒன்றே ஒன்று: ஓட்டுகிறவருக்குப் பூஜ்யம்.

ஆறாம் படி: சாவி தர மறுப்பவரிடம்

இது நடக்கும். அதை எதிர்கொள்ள உங்கள் ஆட்களுக்குப் பழக்கி வையுங்கள். படையில் எல்லாவற்றுக்கும் ஒத்திகை பார்க்கிறோம், இதற்கும் ஒருமுறை பாருங்கள்.

குடித்தவரிடம் வாதம் செய்யக்கூடாது. "நீ போதையில இருக்க" என்றால் "இல்லை" என்றுதான் சொல்வார். கூட்டத்தின் நடுவே சொன்னால் மானப் பிரச்சினையாகிவிடும். தனியே அழைத்து, "வாடா, ஏதாவது சாப்பிட்டுட்டுப் போலாம், பசிக்குது" என்று நேரத்தை இழுக்க வேண்டும். இன்னொருவர் அதற்குள் போன் செய்ய வேண்டும். ஹெல்மெட்டை எடுத்து வைத்துக்கொள்வது, வண்டியை வேறு வண்டிகளுக்குப் பின்னால் தள்ளி நிறுத்துவது, எல்லாமே உதவும். கைகலப்பு வேண்டாம். எதுவும் முடியாமல் அவர் கிளம்பிவிட்டால், போலீஸையோ கேட்டையோ அழைத்து வண்டி எண்ணைச் சொல்ல வேண்டும். இதைக் காட்டிக்கொடுப்பது என்று நினைப்பார்கள். எதிரே சைக்கிளில் வருகிறவரை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவரைக் காப்பதற்குத்தானே நாம் சீருடை போட்டிருக்கிறோம்?

மறுப்பவர் சீனியர் என்றால் இளைஞர்கள் தவித்துப்போவார்கள். "சார், உங்களைக் கொண்டுபோய் விட்டுட்டு வரச் சொல்லி எனக்கு உத்தரவு" என்று ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுங்கள். உத்தரவு போட்டது நீங்கள் என்று சொல்லட்டும். மறுநாள் அவர் கோபம் உங்கள்மேல் வந்தால் வரட்டும்.

மூச்சுச் சோதனைக் கருவி வைத்திருந்தால் கவனமாகப் பயன்படுத்துங்கள். கடைசி மடக்குக் குடித்துப் பதினைந்து நிமிடமாவது கழித்துத்தான் ஊதவேண்டும், இல்லாவிட்டால் வாயில் இருக்கும் மதுவைக் காட்டும். அதைவிடப் பெரிய சிக்கல், ரத்தத்தில் அளவு உச்சம் தொட அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். கடையில் 20 காட்டியது, வழியில் 45 ஆகலாம். ஓட்டலாமா என்று கேட்டு அதில் ஊதுவதை அனுமதிக்காதீர்கள். காலையில் வண்டியைக் கொடுக்கும் முன் சோதிக்க அது நல்லது.

சுயநினைவில்லாமல் கிடப்பவரை "தூங்கட்டும்" என்று தனியே விட்டுவிட்டு வரக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சைப் பார்த்துக்கொண்டு, கூப்பிட்டு எழாவிட்டால் மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

ஏழாம் படி: மறுநாள் காலை

திங்கள் காலை வண்டிச் சாவி கொடுக்கும் மேசையில் நீங்களோ உங்கள் நம்பிக்கைக்குரியவரோ நில்லுங்கள். "நேத்து எத்தனை மணிக்குப் படுத்த?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். கண், பேச்சு, வாசனை தெரியும். சந்தேகம் இருந்தால் அன்று காலை ஓட்டும் வேலை வேண்டாம், ஸ்டோரில் வேலை கொடுங்கள். "நேற்று ராத்திரி கூடிப்போச்சு சார், இன்னைக்கு என்னைப் போடாதீங்க" என்று தானாக வந்து சொல்பவனுக்கு நன்றி சொல்லுங்கள். உண்மையிலேயே சொல்லுங்கள், அவன் செய்தது கடினமான காரியம்.

எட்டாம் படி: ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தால்

ஒருவன் மாதத்தில் மூன்று முறை அந்த நம்பரைக் கூப்பிட்டால் அவனுக்கு வண்டி அனுப்புவதோடு நம் வேலை முடியவில்லை. அவன் குடியைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற பத்துக் கேள்விச் சோதனை இருக்கிறது. எட்டு அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும். மருத்துவப் பிரிவில் கேட்டால் கொடுப்பார்கள்.

போர்முனையிலிருந்து திரும்பியவர்களைத் தனியாகக் கவனியுங்கள். அமெரிக்கப் படைகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், சண்டையை நேரில் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களிடம், குறிப்பாக ரிசர்வ் படையினரிடமும் இளையவர்களிடமும், புதிதாக அதிகக் குடி தொற்றிக்கொள்வதைக் கண்டிருக்கிறார்கள். தூக்கம் வராமல் குடிப்பவனை நீங்கள் சாவியைப் பிடுங்கி மட்டும் காப்பாற்ற முடியாது. "தூக்கம் வருதா தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். குடியைப் பற்றிக் கேட்டால் மூடிக்கொள்பவன், தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் பேசுவான். அவனோடு மருத்துவரின் அறை வாசல் வரை நடந்து போங்கள்.

ஒன்பதாம் படி: எல்லாம் செய்தும் நடந்துவிட்டால்

மறைக்காதீர்கள். போலீஸ் நிலையத்திலிருந்து போன் வந்தால் உடனே மேலே தெரிவியுங்கள், நேரில் போங்கள். அவனுக்காகப் பொய் சொல்லாதீர்கள், அவனைத் தனியாகவும் விடாதீர்கள். பிடிபட்ட அவமானத்தில் தன்னையே மாய்த்துக்கொள்ள நினைப்பவர்கள் உண்டு, அதுவும் ஆயுதம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடத்தில். அன்று இரவு அவன் அருகில் ஒருவர் இருக்கட்டும், ஆயுதப் பணியிலிருந்து அவனை எடுத்துவிடுங்கள். விசாரணை அதன் வழியில் நடக்கும்.

பத்தாம் படி: நோட்டைப் பாருங்கள்

டூட்டி வண்டியில் ஒரு நோட்டு வையுங்கள். பெயர் வேண்டாம். தேதி, நேரம், எங்கிருந்து, எத்தனை பேர், அவ்வளவுதான். மாதக் கடைசியில் எடுத்துப் பாருங்கள். அழைப்பு கூடியிருந்தால் மேலதிகாரி முகம் சுளிக்கலாம், இவ்வளவு பேர் குடிக்கிறார்களா என்று. முன்பும் குடித்தார்கள், அப்போது ஓட்டிக்கொண்டு வந்தார்கள் என்று விளக்குங்கள். அழைப்பே இல்லாத மாதம்தான் உங்களைக் கவலைப்படுத்த வேண்டும். யாரும் குடிக்கவில்லையா, அல்லது யாரும் கூப்பிடத் துணியவில்லையா என்று பாரக்கில் உட்கார்ந்து விசாரியுங்கள்.

எங்கள் நோட்டில் பெரும்பாலான அழைப்புகள் 11.15-க்கும் 11.45-க்கும் இடையில் வந்திருந்தன. கடைசி பஸ் 11.10-க்குப் போய்விடும். அந்த நான்கு பக்கங்களை நகல் எடுத்துக்கொண்டு கட்டளை அதிகாரியிடம் போனேன். சனிக்கிழமைகளில் மட்டும் யூனிட் பஸ் ஒன்று 11.30-க்கு அந்த வழியாக வர ஆரம்பித்தது.

உங்கள் நோட்டில் வேறு நேரம் இருக்கும், வேறு இடம் இருக்கும். இந்த வெள்ளிக்கிழமையே முதல் வரியை எழுத ஆரம்பியுங்கள்.